ஒரு நாளைக்கு அரைக்கால் அங்குலம்

வீட்டின் அடிக்கட்டை உளுத்துப்போயிருந்தது. கருங்கல் அடித்தளத்தின் மேல் படுத்திருக்கும் அந்த மரம்தான் நூற்றெழுபது வருடமாக மொத்த வீட்டையும் தாங்குகிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், எங்கள் மெயின் மாநிலத்தில், அக்டோபர் கடைசியில் நிலம் உறைந்துவிடும். அதற்குள் வீட்டைத் தூக்கிப் புதுக் கட்டை செருக வேண்டும். இந்த வேலை செய்யும் வெளியாட்கள் ஏப்ரலில்தான் வருவார்களாம். நானே ஜாக்கி வைத்துத் தூக்கலாம், ஆனால் ஒருவர் கீழே முறுக்கும்போது இன்னொருவர் மேலே நின்று சுவரைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு அரைக்கால் அங்குலம். மிஞ்சினால் சுண்ணாம்புப் பூச்சு பிளந்துவிடும்.

அந்த இன்னொருவர் என் தம்பி எமரி. என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், கொட்டகைவரை நீளும் பின்கட்டில் இருக்கிறான். எட்டு வருடமாகப் பேச்சில்லை. அவன் பாதியில் வெளிச்சுவரின் பழைய மரப்பலகைகளின் மேல் பிளாஸ்டிக் பலகை அடித்தான். என் பாதியைத் தொட நான் விடவில்லை. அன்று இருவரும் சொன்னவை சாதாரணச் சொற்கள் அல்ல. அவன் இருமல் மட்டும் தினமும் எனக்குக் கேட்கும்.

கதவைத் தட்டினேன்.

"உயிரோடதான் இருக்கியா, ஆல்வினா?"

"நான் இருக்கேன். வீடுதான் போகுது."

"அந்த மரத்தக் கட்டிக்கிட்டு அழுதது நீதானே?"

"உன் பிளாஸ்டிக்கும் அதே கட்டை மேலதான் நிக்குது."

குனிந்து சுவரின் அடியைப் பார்த்தான். பிறகு பூட்ஸை மாட்டினான்.

தினமும் காலை பத்து மணிக்கு நான் தரைக்கடியில் தவழ்ந்து போவேன். தலைக்கு மேல் அவன் காலடி. முறுக்குவேன். "போதும்" என்பான். பின்கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அதன் பிறகு நாள் முழுக்க வேறு குரல் கிடையாது.

பத்தொன்பதாம் நாள், உத்திரத்தில் நான் வைத்திருந்த ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது.

"சரியாயிடுச்சா?" என்று கத்தினேன்.

பலகை இடுக்கிலிருந்து தூசி உதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றான். "நாளைக்குப் பாக்கலாம்."

முப்பது வருடம் தச்சு வேலை செய்தவன். அவன் கண் தவறாது. புதுக் கட்டை அறுத்துத் தயாராகக் கிடந்தது, வாரக் கடைசியில் உறைபனி என்று வானொலியும் சொல்லிவிட்டது.

"சரி," என்றேன்.

மறுநாள் பத்து மணிக்குப் போய் மண்ணில் படுத்தேன். ஜாக்கியைத் தொடவில்லை. மேலே அவனும் நடக்கவில்லை.

"கீழ குளிருதா?" என்று கேட்டான்.

"குளிருது," என்றேன்.