சுதாவின் மூக்கு

டாக்டர் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். சொல்லித் தொலைத்துவிட்டார், சுதாவுக்கு இனி இருப்புக் கொள்ளுமா?

அவள் அண்ணன் ஷங்கருக்கு நாற்பத்திரண்டு வயதிலேயே கை நடுக்கம். அப்பாவை முடக்கிய அதே பார்கின்சன்தான். குடும்பத்தில் இறங்கி வருகிற வகை, தங்கைக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார்கள். அன்று காலை கிளினிக்கில் வாசனை அட்டைகளைச் சுரண்டி ஷங்கரை முகரச் சொன்னார்கள். எலுமிச்சை, சோப்பு, பெட்ரோல், ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. சிலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே வாசனை போய்விடும் என்றார் டாக்டர். சுதாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன வாரம் பருப்பு கருகியதே, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிய பிறகுதானே தெரிந்தது!

"சளியா இருக்கும் லா, சும்மா பயப்படாத," என்றான் ஷங்கர்.

சளியாவது கிளியாவது! ரயிலில் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பக்கத்தில் ஒருவர் கையில் காப்பிப் பொட்டலம். மணந்ததா, கண்ணில் பட்டதால் மணந்த மாதிரி இருந்ததா? சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன்கடை முன் நின்று மூச்சை இழுத்தாள். கறிவேப்பிலையைக் கசக்கினாள். சந்தேகம்தான் கூடியது. மனசும் சேர்ந்துகொண்டு ஏமாற்றுகிறது, படுபாவி மனசு!

பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் முதலாளி பாப்பாத்தியக்கா காத்திருந்தார். "ஏன் இவ்ளோ லேட்டு? கோயில் மாலை பன்னெண்டு மணிக்குப் போகணும்!"

சுதா மல்லிகைக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பத்து வருடமாகப் பூவுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால்தான் கடைக்குள் வாசம் தெரிவதில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். விரல்கள் நூலில் ஓடின. இன்னும் நடுங்கவில்லை. அந்த 'இன்னும்'தான் அவளைப் போட்டு அரித்தது.

கடைசி முடிச்சு விழுந்ததும் கண்ணை இறுக மூடினாள். மாலையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு அழுத்தி, நெஞ்சு முட்ட இழுத்தாள்.

"அடியே! சாமிக்குப் போற பூவ மோந்து பாக்குறியே, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? இனி இத எப்படி சாமிக்குச் சாத்துறது?" பாப்பாத்தியக்கா பாய்ந்து வந்தார்.

சுதா முகத்தை எடுத்தாள். கன்னத்தில் இரண்டு பூ ஒட்டியிருந்தது.

"இல்லக்கா, நான் மோந்து பாக்கல," என்றாள். "வாசம் வந்தாத்தானே மோந்த மாதிரி? ஒண்ணுமே வரலக்கா. தாராளமா சாமிக்குப் போடுங்க."