தையல்காரருக்கு அளவெடுத்த கதை

கடைத்தெருத் தையல்காரர் தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னாலும் கேட்டாலும் ஒரு விரற்கடை வளர்ந்துவிடுவார். வெங்காய விலை ஏறுவதைக் கவனிக்கிற அளவுக்குத்தான் ஊரும் அதைக் கவனித்தது. டேப்பைத் தொடாமல் கண்ணாலேயே ஆளை அளந்துவிடுகிற கைகாரர் அவர். அதைச் சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முதலில் கடையின் வாசலை உயர்த்தினார்கள், பிறகு கூரையை எடுத்தார்கள். கடைசியில் மனுஷர் முற்றத்தில் உட்கார்ந்து, மிஷின் சக்கரத்தைச் சுண்டுவிரலால் சுற்றித் தைத்தார். தன் சட்டையை மட்டும் அளவே எடுக்காமல், வரப்போகும் பாராட்டுக்கும் சேர்த்துத் தாராளமாக வெட்டிக்கொள்வார்.

காஜா போடுவது அவர் மனைவி. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அவர் அளவுகளைச் சொல்லி முடித்ததும், துணி மாறிவிடக் கூடாதென்று, கத்தரிக்கோல் வைக்குமுன் அந்தம்மா கேட்பார்: "ஆள் யாரு?" பதில் வந்தால்தான் வெட்டு விழும்.

"கழுத்து வலிக்குதுங்க, கொஞ்சம் குனிஞ்சு பேசுங்களேன்" என்று ஒருநாள் அந்தம்மா கெஞ்சினார்.

"நான் யாருக்கும் குனிஞ்சவன் இல்ல" என்றார். இன்னொரு விரற்கடை ஏறியது.

அந்த வருஷம் மகளுக்குப் பின்னறையில் பெண் குழந்தை பிறந்தது. பச்சைக் குழந்தை இருக்கும் இடத்தில் தூசி ஆகாது, தாத்தா நுழைவதற்காகச் சுவரை இடிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல்காரர் முற்றத்தில் குப்புறப் படுத்து ஜன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்தார். அறை இருண்டது, குழந்தை வீறிட்டது. பேத்தியின் முகம் தெரியவில்லை. ஊரையே அளந்த கண் இன்று வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு நின்றது. விலகிப் படுத்து, வெட்கத்தை விட்டு அழுதார். முற்றத்தில் துணி துவைக்கும் அளவுக்குத் தண்ணீர் தேங்கியது.

மனைவி ஏணியும் டேப்பும் எடுத்து வந்தார். "உங்களுக்கு இதுவரைக்கும் யாரும் அளவெடுத்ததில்ல. எழுந்து உட்காருங்க. தோளு?"

"எங்கப்பா தோளு. அவருக்கும் இப்படித்தான் வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கும்."

"கை?"

"தொழில் பழக்குன முதலாளி திருத்துன கை."

"கண்ணு?"

என்னோடது என்று வாயெடுத்தவர் ஜன்னலை நினைத்துக்கொண்டார். "அது தானாப் பார்க்குது. நான் ஒண்ணும் பண்றதில்ல."

"சரி, ஆள் யாரு?"

தையல்காரர் கண்ணை மூடி உள்ளே தேடினார். பெரிய உடம்பு, காலைப்பொழுது முழுக்கத் தேட வேண்டியிருந்தது. இதுக்கெல்லாம் சொந்தக்காரன் என்று ஒருத்தனும் அகப்படவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு அமைதி மட்டும் இருந்தது. அதற்கு நீளமில்லை, அகலமில்லை, டேப்பை எங்கே வைப்பது? இத்தனை வருஷம் ஆளே இல்லாத சட்டைக்கா இவ்வளவு துணி என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கச் சட்டை தொளதொளத்தது. மனைவி ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். மத்தியானத்துக்குள் தையல்காரர், சட்டையைப் புடவைபோல வாரிப் பிடித்துக்கொண்டு, பின்னறை வாசலில் தேவையே இல்லாமல் குனிந்து நுழைந்தார். குழந்தை அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பழைய சட்டை இன்று கடை முகப்பில் பந்தலாகக் கிடக்கிறது, மழைக்குப் பத்துப் பேர் ஒதுங்கலாம். இப்போதும் யாராவது ஆஹா ஓஹோ என்றால் அவர் ஒரு விரற்கடை ஏறத்தான் செய்கிறார். காஜாவிலிருந்து தலை தூக்காமல் அந்தம்மா "ஆள் யாரு?" என்பார். அவர் சிரித்துக்கொண்டே இறங்குவார். அதுவரை காத்திருந்துவிட்டு வாடிக்கைக்காரர்கள் அளவு கொடுக்கிறார்கள்.