வெறும் வயிற்றில் முந்நூற்றுப் பத்து

தமிழாசிரியனாக முப்பத்தாறு ஆண்டுகள் தேர்வறைகளில் மாணவர்களின் உள்ளங்கைகளை விரிக்கச் சொல்லி, மையால் எழுதி மறைத்த விடைகளைக் கண்டுபிடித்தவன் நான். என்னைப் பார்த்து, "கை கழுவிட்டீங்களா மாமா?" என்று மருமகள் கேட்டது எனக்குச் சினமூட்டியது.

"துடைச்சாச்சு" என்றேன். பொய்யன்று, கைக்குட்டையால் துடைத்திருந்தேன்.

தன் ஆய்வுக்கூடத்தில் அவள் மெல்லிய பட்டை ஒன்றை உருவாக்கியிருந்தாள். அதன் முனையில் கண்ணுக்குப் புலப்படாத தங்க நானோ துகள்கள். அவற்றின்மேல், சர்க்கரையை மட்டுமே தேடிப் பிடிக்கும் நொதி. பிடித்தவுடன் எழும் மின்னோட்டம் திரையில் எண்ணாகத் தெரியும். மறுநாள் அவள் ஆய்வை மதிப்பிடத் தேர்வாளர்கள் வருகிறார்கள். அதற்குமுன், வெளியாள் ஒருவரின் இரத்தத்தில் சோதித்தாக வேண்டும். மூன்று மாதங்களாக இனிப்பைத் தொடாத உத்தமர் என்று வீட்டில் பெயரெடுத்திருந்த நான், வெறும் வயிற்றோடு வந்ததாகச் சொல்லி விரலை நீட்டினேன்.

முந்நூற்றுப் பத்து.

இன்னொரு பட்டை. முந்நூற்றெட்டு.

"இது என்ன கருவியா, வாய்க்கு வந்ததை உளறுதா?" என்று முழங்கினேன். ஆராய்ச்சியாளரின் பொறுப்பைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினேன். எழுவாய் பயனிலை எங்கும் பிசகவில்லை.

அவள் வாதாடவில்லை. "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க மாமா. நொதிதான் கெட்டிருக்கணும்." நாற்பது பட்டைகள் இருந்த பெட்டியைக் கழிவுத் தொட்டிக்கு மேலே பிடித்தாள். "நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன். நாலு மாச வேலை. போகட்டும்."

அந்த முதல் வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லாமலிருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

"கொஞ்சம் பொறும்மா."

கைக்குட்டையை மேசைமேல் விரித்தேன். சர்க்கரை தூவிய பிஸ்கட் ஒன்றின் பாதி. அதைச் சுற்றி ஏராளமான தூள். "மாடிப்படியில ஒண்ணரை சாப்பிட்டேன்."

"இதுலதான் விரலைத் துடைச்சீங்களா?"

"இதுலயேதான்."

"அப்ப நான் அளந்தது உங்க ரத்தத்தை இல்ல மாமா, பிஸ்கட்டோட ரத்தத்தை."

சோப்புப் போட்டுக் கழுவவைத்து, வேறொரு விரலில் குத்தினாள். நூற்றெழுபத்திரண்டு. கடையில் வாங்கிய கருவியும் நூற்றெழுபது என்றது. பெட்டி குளிர்பதனப் பெட்டிக்குள் திரும்பியது. எனக்கு மூச்சும் திரும்பியது.

"என் பட்டை பாஸ்" என்றாள். "ஆனா, ஒண்ணரை பிஸ்கட்டுக்கு இவ்வளவு ஏறாதே."

"மூணு மாசமா" என்றேன், தரையைப் பார்த்து.

அவள் குறிப்பேட்டில் எழுதினாள்: 'முதலிரண்டு அளவீடுகள் நீக்கப்பட்டன. காரணம்: விரலில் சர்க்கரை.'

"பேரு போடலை மாமா. அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அந்தக் குறிப்பில் ஏதேனும் பிழை இருக்காதா என்று தலைகீழாகவே இருமுறை படித்துப் பார்த்தேன். இல்லை.