வாடிக்கையாளர் நீட்டும் செல்லை வாங்கக் கூடாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அட்டை எழுதப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. உத்திரமேரூர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் கிதர் முகம்மது பாய் ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் அச்சகத்தில் வாசகம் எழுதிக் கொடுப்பவன். திறப்பு விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் வார்த்தை என்னுடையது. கதை எழுதுவதும் உண்டு. அதற்கு யாரும் கூப்பிட்டனுப்புவதில்லை.

2005, ரம்ஜான் முடிந்த கையோடு. கடையில் ஆளுக்கொரு செல் வந்துவிட்டது, விற்கிற பிள்ளைகள் வாடிக்கையாளரிடம் அதை வைத்துக்கொண்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஓர் அட்டை எழுதி மாட்ட வேண்டும் என்றார் பாய். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எடுத்ததும் கடைப் பெயரைச் சொல்ல வேண்டும். எதிரே ஆள் நிற்கும்போது சொந்த அழைப்பை எடுக்கக் கூடாது. வாடிக்கையாளருக்கு மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது, நம் காசில்தான் பேச வேண்டும். இதெல்லாம் எந்தக் கடைக்கும் பொருந்தும். கடைசியாக ஒன்று சொன்னார்: வாடிக்கையாளர் தன் செல்லை நம்மிடம் நீட்டினால் வாங்கக் கூடாது.

ஏன் பாய் என்று கேட்டேன்.

"எளுதுங்க சார். காரணமெல்லாம் அட்டையில இன்னாத்துக்கு?"

காரணம் சொல்லாத விதியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். கதை அங்கேயே தொடங்கிவிட்டது. (தப்பு. அரிப்புதான் அங்கே தொடங்கியது. கதை வரச் சில வாரங்கள் ஆயின.)

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அடித்ததையும் காட்டுகிறேன், எனக்கென்ன வெட்கம்.

"மயில்கழுத்து நிறப் புடவை தாஜுன்னிசாவின் தோளில் சரிந்தபோது, கடல் கடந்து ஒரு குரல்"

கடல் கடந்து என்று வந்தாலே பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டேன்.

"டிரிங் டிரிங் என்று"

எந்தச் செல்லும் அப்படி அடிப்பதில்லை.

"நான்கு வருஷமாகத் தம்மாமில் வேலை பார்க்கும் பர்வேஸ், மனைவிக்குப் புடவை எடுக்கும் நேரத்தில் உத்திரமேரூர்க் கடைக்குள் இருந்தான்."

இது பரவாயில்லை. பொய்தான், ஆனாலும் பரவாயில்லை. விளக்குகிறேன்.

அரபு நாட்டில் இருக்கிற கணவன்மார் பண்டிகைத் துணி எடுக்கும் நேரத்தில் லைனில் இருப்பது அப்போது இங்கே பழக்கமாகிவிட்டிருந்தது. மனைவி கடையில் உட்கார்ந்து நாலு புடவையைப் பிரித்துப் போடுகிற நேரம் பார்த்து அங்கிருந்து கூப்பிடுவார்கள். படம் அனுப்புகிற செல்லெல்லாம் இங்கே யாரிடமும் இல்லை. புடவையை வாயால் சொல்ல மனைவிக்கு வராது, அல்லது கடையில் நாலு பேர் நடுவே கணவனோடு பேச வெட்கம். நீயே சொல்லும்மா என்று விற்கிற பெண்ணிடம் செல்லை நீட்டிவிடுவார்கள். அவள் சொல்வாள்: உடல் என்ன நிறம், பார்டர் எத்தனை விரல் அகலம், முந்தியில் என்ன பூ. அந்தப் பக்கத்து மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். (கண்ணை மூடியது என் வேலை. வேண்டாம் என்றால் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

இதில் ஷீபா கெட்டிக்காரி. அவள் சொல்லிக் கேட்டவர்கள் பெரும்பாலும் இன்னொன்றும் எடுத்துக்கோ என்றார்கள். பாய்க்கும் அதில் மகிழ்ச்சிதான், அந்த ஒருநாள் வரைக்கும்.

3

ஷீபா யார் என்று சொல்ல வேண்டும். அந்தக் கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவள். அப்பா ஐசக் கழனி வேலைக்குப் போகிறவர், அம்மா மார்த்தாள் நடவுக்குப் போகிறவர். ஞாயிறு காலை சர்ச்சுக்கு விட வேண்டும் என்பது மட்டும்தான் வேலைக்குச் சேரும்போது அவள் கேட்டது.

கூலிக்காரர் வீட்டுப் பெண் என்றதும் ஒரு நோயாளி அம்மாவைக் கொடுக்க என் கை துறுதுறுத்தது. கொடுத்தேன். இருமக்கூட வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன், ஏனென்றால் நிஜ மார்த்தாளை நேரில் பார்க்கும்படி ஆகிவிட்டது. வயசுப் பெண்ணை டீக்கடையாண்ட நிறுத்தி வைத்துக்கொண்டு உனக்கு என்னய்யா பேச்சு என்று என்னை ஒரு பிடி பிடித்தார். இருமல் சல்லிக்காசுக்குக் கிடையாது.

ஆமாம், ஷீபாவை டீக்கடையாண்ட நிறுத்திக் கேட்டேன். அரித்ததே, கேட்காமல் எப்படி? அவள் தயங்கித் தயங்கிச் சொன்னது இது.

காவாந்தண்டலத்திலிருந்து தாஜுன்னிசா என்று ஓர் அக்கா வருவார். பிள்ளை இல்லை. கூட இருந்த மாமியாரும் போன வருஷம் காலமாகிவிட்டார். பண்டிகை இல்லாத நாளிலும் பஸ் ஏறி வருவார். புடவை ஓரத்தில் வைத்துத் தைக்கிற ஃபால்ஸ் துணி ஒன்று வாங்குவார். அதை வாங்கி முடிக்க ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

"அவ்ளோ ஃபால்ஸ் வைக்கிறதுக்கு அவங்க வூட்ல பொடவையே கெடையாது சார்," என்றாள் ஷீபா.

ரம்ஜானுக்கு முந்தின வாரம் தாஜுன்னிசா புடவை எடுக்க வந்தார். தம்மாமிலிருந்து கணவர் பர்வேஸ் கூப்பிட்டார். தாஜுன்னிசா ம், சரிங்க, ம் என்று பேசிவிட்டு வழக்கம்போல் செல்லை ஷீபாவிடம் நீட்டினார். ஷீபா நிறம் சொன்னாள், பார்டர் சொன்னாள், முந்தியில் பாதி வந்துவிட்டாள். பர்வேஸ் இடையில் நிறுத்தினார்.

அவர் கேட்டதை ஷீபா என்னிடம் அப்படியே சொன்னாள். நானும் ஓர் எழுத்து மாற்றாமல் தருகிறேன்.

"பொடவை இருக்கட்டும்மா. அவ எப்டி கீறா? கேட்டா நல்லாக்கீறேன்னுதான் சொல்றா. நீ எதுர்ல நிக்கிற, நீ சொல்லு. இன்னும் ரெண்டு வருசத்துக்கு அக்ரிமெண்டு போடச் சொல்றாங்க, நாளைக்குக் கையெளுத்து. நல்லாக்கீறான்னா போட்டுர்றேன். இல்லன்னா கெளம்பி வந்துர்றேன்."

தாஜுன்னிசாவுக்கு இதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பிரித்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷீபாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

அவர் எப்படித்தான் இருந்தார்?

போன வருஷத்து ஜாக்கெட் அளவு ஷீபாவுக்கு ஞாபகம் இருந்தது. இந்த வருஷம் அதைவிட இரண்டு அளவு குறைந்திருந்தது. வளையல் முழங்கைவரைக்கும் போய்ப் போய் வந்தது. நோன்பு மாசம், எல்லாரும்தான் இளைப்பார்கள் என்று நான் குறுக்கே பேசினேன்.

"நோம்புல எளைக்கிறது தெரியாதா சார் எனக்கு? இது அது இல்ல. ஒருத்திக்கு இன்னாத்த ஆக்குறதுன்னு ஒரு வேளதான் ஆக்குறாங்க. அதையும் நின்னுக்கினே துன்றாங்களாம்."

சரி, அந்த மனுஷனுக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். கதைக்காரனுக்கு அதுதானே வேண்டும். வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

"அத சொல்ல மாட்டேன் சார். அவரு கேட்டாரு, அவருகிட்ட சொன்னேன். அது அவங்க செல்லு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் கூட்டி வந்துவிட்டுப் படியில் தள்ளிவிட்டாளே. பாயும் கேட்டிருக்கிறார், அவருக்கும் சொல்லவில்லை. வேலை போகாமல் தப்பியதே பெரிய விஷயம்.

மற்றவர்கள் பார்த்தது இவ்வளவுதான். ஷீபா எதையோ தணிந்த குரலில் சொல்லிவிட்டுச் செல்லைத் திருப்பிக் கொடுத்தாள். தாஜுன்னிசா காதில் வைத்துக் கேட்டார். எழுந்தார். புடவை தோளிலிருந்து தரையில் விழுந்தது, அதை எடுக்கவும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு கடைக்கு வரவே இல்லை, ஒரு ஃபால்ஸ் துணிக்குக்கூட. பாயின் கடைசி விதி அங்கே பிறந்தது.

5

முடிவை நானே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கதை, என் பேனா.

முதல் முடிவில் ஷீபா, "நல்லாத்தான் கீறாங்கண்ணே" என்கிறாள். அவள் கடை ஆள். சரக்கைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும், வாடிக்கையாளர் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. பர்வேஸ் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார். இன்னும் இரண்டு வருஷம் என்று மனைவியிடம் சொல்கிறார். தாஜுன்னிசா எழுந்து போகிறார். தன்னைப் பார்த்துப் பேசுகிற ஒருத்தியே இதைச் செய்துவிட்ட பிறகு அந்தக் கடைக்கும் எப்படி வருவார்? இருந்த ஓரிடமும் போயிற்று. இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவதில் உண்மையைச் சொல்கிறாள். பர்வேஸ் வேலையை விட்டு வருகிறேன் என்கிறார். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. மீனம்பாக்கத்தில் இறக்கி, ஒரு டாக்சியும் வைத்துக் கொடுத்தேன். ஆனால் தாஜுன்னிசா முகத்தை என்னால் எழுத முடியவில்லை. உருகிப்போய்க் கிடக்கிறாள் என்று கடைப்பெண் சொல்லித்தான் புருஷன் வருகிறான் என்றால், அந்த அம்மாவுக்கு அது ஆனந்தமா, அவமானமா? வா என்று ஒருநாளும் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவராயிற்றே.

மூன்றாவதில், "நீங்களே கேளுங்கண்ணே" என்று செல்லைக் கொடுத்துவிடுகிறாள். ஒழுங்கான பதில், யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றிலும் மோசமானதும் இதுதான். அவர் கேட்பார், இவர் நல்லாக்கீறேன் என்பா

வேண்டாம்.

6

ஒருநாள் காவாந்தண்டலத்துக்கே பஸ் ஏறிப் போனேன். வீட்டில் ஆண் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும், முடிவு தெரிந்துவிடும். தெருமுனை வரை போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். கதவைத் தட்டி என்ன கேட்பது? நல்லா இருக்கீங்களா என்றா? நல்லா இருக்கேன் என்பார். வந்த பஸ்ஸே திரும்பி வந்தது, ஏறிவிட்டேன்.*

* இதை எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். என்னிடமும் ஒரு செல் இருக்கிறது. மகன் ஆல்வின் ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பியது. ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். நல்லா இருக்கியாப்பா என்பான். நல்லா இருக்கேன்டா என்பேன். அவன் அம்மா போனதிலிருந்து அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு ஓடியதில்லை. என்னை நம்பாமல், பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது செல்லைக் கொடுக்கச் சொல்லி, அப்பா நிஜமாகவே எப்படி இருக்கிறார் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பர்வேஸ் மேல் எனக்குப் பொறாமை. தாஜுன்னிசா மேலும்தான்.

7

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. தைரியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீபாவும் வாயைத் திறக்க மாட்டாள். இவ்வளவு நேரம் கூடவே வந்தவர் நீங்கள்தான். கொஞ்சம் உள்ளே வாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, விரித்திருக்கிற பாயில் ஏறி நில்லுங்கள். பண்டிகைக் கூட்டம், பின்னால் நாலைந்து பேர் அவசரப்படுகிறார்கள். அவர்களைக் கவனிக்க வேண்டாம்.

செல் இப்போது உங்கள் காதில். அவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், மூச்சு விடுவது கேட்கிறது. எதிரே தாஜுன்னிசா, தோளில் புடவையோடு. எலும்பு தெரிகிற கையால் முந்தியை நீவி விட்டுக்கொண்டு, உங்கள் முகத்தையே பார்க்கிறார். நீங்கள் ஏன் பேசாமல் நிற்கிறீர்கள் என்று அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே கேட்கிறார்:

"இன்னா சொல்றாரு, புடிச்சிக்கீதாமா?"