பொன்னாத்தாளின் இரண்டாம் வரி

1999 ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், முதல் மணி அடித்த பிறகு, பொன்னாத்தாள் தேவாலய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து ஜெபச்சீட்டு எழுதித் தரச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் பள்ளி ஆசிரியன். சபையாரின் சீட்டுகளை ஆராதனையில் வாசிப்பவனும் நானே. ஒவ்வொரு விண்ணப்பத்தின் முடிவிலும், கொடுத்தவர் நீங்கலாக, சபை முழுவதும் “கர்த்தாவே, கேட்டருளும்” என்று சொல்லும். அந்தக் குரல் சேராத விண்ணப்பம் மேலே போகாது என்று பொன்னாத்தாள் உறுதியாக நம்பினாள். அவளுடைய ஒரே மகன் கதிரேசன் அப்போது கார்கில் போர்முனையில் இருந்தான்.

“கதிரேசனக் காப்பாத்தோணும்னு எழுதுங்க. கீழயே, அந்தப் பக்கத்துப் பசங்களையும்னு எழுதிப்போடுங்க.”

“எந்தப் பக்கம்?”

“எதுக்க நிக்கறவங்கதானுங்க. நீங்கதானே காயிதத்தப் படிச்சுக் காட்டுனீங்க.”

படித்துக் காட்டியவன் நான்தான். இறந்து கிடந்த எதிரிப் பையன் ஒருவனின் சட்டைப் பொத்தான் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது என்றும், அவனுக்குத் தானே குழி வெட்டியதாகவும் கதிரேசன் எழுதியிருந்தான். நான் இரண்டு வரிகளையும் எழுதினேன்.

எங்கள் சூலூரின் விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் எழும்பினால், எங்கள் ஆராதனை இருந்த இடத்திலேயே நிற்கும். சத்தம் தேய்ந்த பின், விட்ட சொல்லிலிருந்து தொடரும். இன்று ஒலிபெருக்கி வந்துவிட்டது, யாரும் நிறுத்துவதில்லை. அந்த மௌனங்கள் எனக்குப் பிரசங்கங்களைவிட நன்றாக நினைவிருக்கின்றன. அன்று நான் முதல் வரியை வாசித்து முடித்தபோது விமானம் எழும்பியது. நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தாமல் இரண்டாம் வரியை அந்த இரைச்சலுக்குள் வாசித்தேன். சத்தம் அடங்கியதும் சபையில் பாதிப் பேர் “கேட்டருளும்” என்றார்கள். மற்றவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விசைத்தறித் தொழிலாளர்கள். தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே நாளெல்லாம் பேசிக்கொள்கிறவர்கள். அதை நான் மறந்துபோயிருந்தேன்.

வெளியே வந்ததும் தறி முதலாளி தமிழ்ச்செல்வன் என்னை மறித்தார். “ஏனுங்க வாத்தியாரே, நம்ம பசங்க பொணப் பொட்டியில வந்து எறங்கறத டிவில பாக்கறதில்லீங்களா? எதிரிக்கு ஜெபமாக்கு?”

“அப்படியே ஊட்டுக்குக் கூட்டியாந்து கறிச்சோறு போடுக்கா” என்றாள் அவருடைய தறியில் வேலை செய்யும் ஒருத்தி.

“வந்தாப் போட்டுத்தானே ஆகோணும்” என்றாள் பொன்னாத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. தமிழ்ச்செல்வன் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு பொன்னாத்தா. அடுத்த வாரமும் அந்த வரி வந்துச்சுன்னா, உம் பையனுக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

அடுத்த ஞாயிறு அவள் சீட்டுக்கு வந்தபோது, மகனுக்காக மட்டும் எழுதட்டுமா என்று கேட்டேன். நெடுநேரம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பயமாத்தானுங்க இருக்குது. ஆனா அந்தப் பொத்தான அவங்கம்மா தெச்சிருப்பாளுங்க. ரெண்டையும் எழுதுங்க. இந்த வாட்டி சத்தமாப் படிங்க.”

அன்று விமானம் எதுவும் எழும்பவில்லை. இரண்டு வரிகளையும் வாசித்தேன். சபை வாய் திறக்கவில்லை. “கர்த்தாவே, கேட்டருளும்” என்று நான் ஒருவன் சொன்னேன். அது சபையின் குரலாகாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அடுத்த சீட்டு தமிழ்ச்செல்வனுடையது: மகள் அன்புச்செல்வியின் சுகப்பிரசவத்துக்காக. வாசித்து முடித்தேன்.

“கர்த்தாவே, கேட்டருளும்.”

மற்றவர்கள் வாய் திறக்குமுன் பொன்னாத்தாள் சொல்லிவிட்டாள். தமிழ்ச்செல்வன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கை மட்டும் முன் பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்களை மூடியபடி, அவள் அதே வார்த்தைகளைச் சபையின் குரலோடு சேர்ந்து மறுபடியும் சொன்னாள்.