ஒரு கை முழுசு, ஒரு கை அரை

துறைமுக லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் பக்தவச்சலம், சொந்த அண்ணனை உட்காரவைத்துக்கொண்டு தன் பெண்டாட்டியைப் பற்றி, "அவ கோணி தைக்கத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டான். தையல் மெஷின் வாங்கித் தலையணை உறை தைக்கப் பழகிக்கொண்டிருந்த பூவம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. அவனாக வாயைத் திறக்கும்வரை தானும் திறப்பதில்லை என்று முடிவுகட்டினாள். வீம்பில் அவனும் சளைத்தவனில்லை.

எம்.கே.பி. நகர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அன்றிலிருந்து இருவரும் சுவரோடுதான் பேசினார்கள். சோறு வெந்ததைச் சுவருக்குச் சொல்வாள் இவள். குழம்பில் உப்பில்லை என்று சுவரிடம் முறையிடுவான் அவன். சுவரிடம் கேள்வி மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அது பேச்சில் சேர்ந்துவிடும்.

அண்ணன் மகன் சித்தார்த்துக்குக் கல்யாணம் வந்தது. ஒருநாள் காலை மெஷின்மேல் வெள்ளைச் சட்டைத் துணி இருந்தது. யார் வைத்தது என்று பூவம்மா கேட்கவில்லை. தான் தைத்த சட்டையோடு இவன் அந்த அண்ணன் முன்னால் நிற்க வேண்டும், வாயால் சொன்னதை விழுங்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கொடியில் அவன் சட்டை தொங்கியது. அளவுக்கு அதை எடுத்தால் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும். அதனால் நைட் ஷிப்ட் முடித்து அவன் பகலில் தூங்கும்போது ஆளையே அளந்தாள். கழுத்தைச் சுற்றி டேப்பை இறுக்கியபோது எட்டிப் பார்த்த எதிர்வீட்டு குணசுந்தரி, பார்க்காதவள்போலத் திரும்பிப் போனாள்.

பழைய பேப்பரில் வரைந்து வெட்டினாள். பாக்கெட் வேண்டுமா? கேட்க முடியாது, வைக்கவில்லை. முழுக்கையா, அரைக்கையா? எதற்கும் இருக்கட்டும் என்று கைக்கொன்றாக வைத்தாள். முன்பக்கம் முழுசாகத் திறப்பதா, பாதியா? அதையும் கேட்க முடியாது, திறக்கவே இல்லை. கழுத்தை மட்டும் அளந்த அளவிலேயே அச்சாக வெட்டினாள். கழுத்து வருவதற்கு முன் அந்த வழியாகத் தலை வர வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று அவன் அந்தச் சட்டைக்குள் கைகளை நுழைத்து இழுத்தான். தலை வரவில்லை. இரண்டு கையையும் தூக்கியபடி உள்ளேயே மாட்டிக்கொண்டான். இப்போது பேசித்தானே ஆக வேண்டும் என்று பூவம்மா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவனோ காலால் துழாவி, ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் அவள் செருப்பையும் மாட்டிக்கொண்டு, கல்மண்டபம் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு அப்படியே கிளம்பிவிட்டான். குடத்தோடு வந்த குணசுந்தரி ஒதுங்கி வழிவிட்டாள்.

கைப்பிடி உடைந்த படிக்கட்டு. அவன் கால் அந்தரத்தில் நீண்டது.

"யோவ், படி கீது. நில்லு."

நின்றான். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரு, சொவுரா?"

தோற்றுப்போன ஆத்திரத்தில் பூவம்மாவுக்கு அழுகை வந்தது. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் இன்னும் அதிகமாக வந்தது. கத்தரிக்கோலோடு வந்து கழுத்திலிருந்து கீழே ஒரு வெட்டு வெட்டினாள். வேர்த்து வழிந்த முகம் வெளியே வந்தது. இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா பூவு, ஒண்ணு முழுசு ஒண்ணு அரை?"

"உன்னாண்ட எப்டிக் கேக்குறது?"

அவன் முழுக்கையை முழங்கைவரை மடித்துவிட்டு, ஊக்கு குத்தச் சொல்லி நெஞ்சைக் காட்டினான்.

மண்டபத்தில் அண்ணன் சட்டையைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பக்தவச்சலம், மண்டபத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"எம் பொண்டாட்டி தச்சது" என்று அதனிடம் சத்தமாகச் சொன்னான். "கோணின்னு சொன்னவன் வாயத் தைக்கணும்."