மூன்று மணிக்குக் கிளம்பியவள்

1

இளையர்களுக்கு ஒரு திகில் கதை வேண்டும் என்று பதிப்பகம் ஒன்று கேட்டதாகத்தான் இதைத் தொடங்கியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. லக்ஷனா என்ற பெண்ணின் முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் எழுத உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: ஹார்ட் டிஸ்க்கைப் பைக்குள் திணித்துக்கொண்டு லக்ஷனா நாட்டின் எல்லையிலிருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நோக்கி ஓடினாள். பின்னால் ஒரு கறுப்புக் கார்...

வேண்டாம். அவள் எங்கும் ஓடவில்லை. பதினெட்டு வயது, சுவா சூ காங் வட்டாரத்தில் வீடு, பாலிடெக்னிக் படிப்பு. தேக்கா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இசையமைப்பாளர் பிரேமின் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவளுடைய முதல் பாட்டு. ஐந்து வருஷத்துக்கு அவன் அனுமதியில்லாமல் வேறெங்கும் பாடக்கூடாது என்று ஒப்பந்தம்.*

* படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அந்த வயதில் நான் மட்டும் என்ன கிழித்தேன்?

3

அடுத்து சரசு என்று ஒரு பாத்திரம். பாட்டு எழுதியவள். பதிவின்போது கூடவே உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்துவதும் அவள் வேலை. அதைக் கேட்ட பிறகுதான் லக்ஷனாவின் அம்மா சயந்தினி மகளைத் தனியே அனுப்பச் சம்மதித்தார்.

"நீங்க கூடவே இருப்பீங்கதானே? அப்ப ஓகே லா."

பல்லவி முடிந்தது. மணி மூன்று. "நீங்க கிளம்புங்கக்கா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான் பிரேம்.

லக்ஷனா ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். "அக்கா, சரணம் இன்னும் இருக்கே. ஹாஃப் அன் அவர் இருங்களேன், ப்ளீஸ்."

சரசு என்ன செய்தாள்?

(அ) இருந்தாள். பிரேம் முகத்தைச் சுளித்தான். பாட்டு முடிந்ததும் பெண்கள் இரண்டு பேரும் கீழே இறங்கி ஆளுக்கொரு கோப்பை தே குடித்தார்கள். [இதை நான்கு முறை எழுதிவிட்டேன்.]

(ஆ) கிளம்பினாள். அடுத்த பாட்டும் அவன்தானே தர வேண்டும்.

4

மூடிய கதவுக்குப் பின்னால் பிரேம் லக்ஷனாவுக்குச் செய்ததை எழுதமாட்டேன். [ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். என் கை நடுங்கியதைக்கூட அழகாக வர்ணித்திருந்தேன். வெட்கமாக இருந்தது.]

5

மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்த லக்ஷனா, போலீஸில் புகார் கொடுத்தாள். பிரேம் அலட்டிக்கொள்ளவே இல்லை. பதிவு முடியும்வரை சரசுவும் அறையிலேயே இருந்ததாகச் சொல்லிவிட்டான். பெற்ற தாயே குழம்பிப்போனார். "சரசு இருந்தாங்களே, அப்புறம் எப்படி?" என்று மகளையே கேட்டிருக்கிறார்.

இனியும் சரசு என்று மூன்றாம் மனுஷியைப் போல எழுதுவது கோழைத்தனம். சரசு நான்தான்.

6

இதுவரை எழுதியதை நேற்று லக்ஷனாவுக்கு அனுப்பினேன். போன் செய்தாள்.

"படிச்சேன்கா. நல்லா எழுதியிருக்கீங்க."

"முடிவுதான் வரமாட்டேங்குது."



"இத போலீஸ்ல காட்ட முடியாதுக்கா. ஸ்டோரின்னு தள்ளிடுவாங்க. நீங்க பாதியில போயிட்டீங்கன்னு ஒரே ஒரு லைன், அத மட்டும் வந்து சொல்லுங்க. மத்தத எல்லாம் நான் சொல்லிட்டேன்."

விசாரணை அதிகாரியின் எண்ணை அனுப்பினாள்.

7

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என் வழக்கம். இந்த முறை அதற்கு எனக்கு உரிமையில்லை. அந்த எண்ணை நீங்கள் அழைத்துப் பயனில்லை. நான் அழைக்க வேண்டும். இன்னும் அழைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன். அழைக்காமலிருப்பதற்கு இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.